மூச்சுக்கு எத்தனை வாட்?

அமெரிக்காவில் ட்ரெய்லர் வாங்கும் நண்பர்கள், வாங்கிய ஆறு மாதத்துக்குள் கேட்டுவிடும் கேள்வி ஒன்றிருக்கிறது. "ஜெனரேட்டர் எத்தனை வாட்டில் வாங்கலாம்?" கேட்பவர் பெரும்பாலும் விடையையும் கையோடு கொண்டுவந்திருப்பார். "ஏழாயிரம் போதுமா, இல்லை ஒன்பதாயிரமே வாங்கிவிடலாமா?" இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திறந்த சட்டத்தில் பூட்டிய ஏழாயிரம் வாட் ஜெனரேட்டர், மூடிய பெட்டிக்குள் அடங்கிய இரண்டாயிரம் வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரைவிடச் சில கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. காசும் குறைவு, சக்தியும் அதிகம் என்றால் யார்தான் சிறியதை எடுப்பார்கள்?

ட்ரெய்லரைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. கட்டில், எரிவாயு அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை, கூரைமேல் ஏசி எல்லாம் அதற்குள் உண்டு. விளக்கு, தண்ணீர் பம்பு, வெப்பமூட்டியின் விசிறி ஆகியவை 12 வோல்ட் பாட்டரியில் ஓடும். ஏசி, மைக்ரோவேவ் போன்றவற்றுக்கு 120 வோல்ட் வேண்டும். மின் இணைப்புள்ள முகாம்களில் ஒரு தடித்த கேபிளைக் கம்பத்தில் செருகினால் போதும். நடுத்தர ட்ரெய்லர்களுக்கு 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டோடு பெருக்கினால் 3600 வாட். மிகப் பெரிய வண்டிகளுக்கு 50 ஆம்பியர் இணைப்பு. அது இரண்டு கம்பிகளில் வருவதால் 12,000 வாட் வரை இழுக்கலாம். ஆக, 30 ஆம்பியர் ட்ரெய்லரின் முன்னால் ஒன்பதாயிரம் வாட் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், 3600 வாட்டுக்கு மேல் அந்த வாசலுக்குள் நுழையாது. மீதி ஐயாயிரத்துச் சொச்சம் வெளியே நின்று பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும்.

எங்களுடையது இருபதடி ட்ரெய்லர், 30 ஆம்பியர். வாங்கி ஒரு வருடம்வரை மின் இணைப்புள்ள முகாம்களுக்கே போய்வந்ததால் ஜெனரேட்டர் தேவைப்படவில்லை. 2019 ஜூன் மாதம் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தபோது யோசெமிட்டி போவதென்று முடிவாயிற்று. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் முகாம்கள் எதிலும் மின் இணைப்பு கிடையாது. மாமனாருக்கோ உறக்க மூச்சுத்தடை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட்டு, சில நொடிகள் மூச்சு நின்று, மறுபடி திணறலோடு தொடங்கும். நான்கு வருடங்களாக சீபேப் இயந்திரம் இல்லாமல் அவர் உறங்கியதில்லை. முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூச்சுப்பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும் சிறு பெட்டி அது.

"ரெண்டு ராத்திரிதானே மாப்பிள்ளை, அந்த மிஷின் இல்லாமலே படுத்துக்கிடுதேன். எனக்காக எஞ்சின்லாம் வாங்க வேண்டாம்" என்றார்.

"அது ஆகாது மாமா" என்று நான் சொல்வதற்குள் உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "அப்பா, மிஷின் இல்லன்னா பயணமே இல்ல."

அன்று மாலையே கணக்குப் போட உட்கார்ந்தோம்.

*

முதலில் எல்லோரும் செய்வதைப் போல நானும் கூட்டல் கணக்கில்தான் தொடங்கினேன். ஏசி 1400 வாட். மைக்ரோவேவ் 1400. (அதன் நெற்றியில் 900 என்று எழுதியிருப்பது உணவுக்குள் போகும் சக்தி, சுவரிலிருந்து அது இழுப்பது அதைவிட அதிகம்.) மின் கெட்டில் 1500, மின்சார குக்கர் 1000, மிக்ஸி 600, தலைமுடி உலர்த்தி 1500, ட்ரெய்லர் பாட்டரிக்கான சார்ஜர் 800. மொத்தம் 8200 வாட். நண்பர்கள் ஒன்பதாயிரம் என்று கேட்பது எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

மாமனார் அந்தத் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். தென்காசிப் பக்கம் முப்பது வருடம் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர் அவர். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஊர் ஊராகக் குழாய் ஸ்பீக்கரும் சீரியல் செட்டும் கட்டி, டீசல் எஞ்சினை ஓட்டி, விடிய விடிய அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவர். "எல்லாத்தையும் ஒண்ணா போட்டா எந்த எஞ்சினும் தாங்காது. எது ஒண்ணா ஓடணும், எது காத்திருக்கும்னு மொதல்ல பிரிங்க" என்றார். பேத்தியின் பள்ளி நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து மூன்று பத்திகள் போட்டார். காத்திருக்காதது, காத்திருக்கும், வீட்டிலேயே கிடக்கட்டும்.

தலைமுடி உலர்த்தி முதலில் மூன்றாம் பத்திக்குப் போயிற்று. மகளுக்கு அதில் வருத்தம்தான். கெட்டிலும் குக்கரும் அங்கேயே போயின. எரிவாயு அடுப்பு இருக்கும்போது வெந்நீருக்கு மின்சாரம் எதற்கு? சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போகலாம் என்றானதும் மிக்ஸியும் போயிற்று. மைக்ரோவேவ், ஏசி, சார்ஜர் மூன்றும் இரண்டாம் பத்தியில் நின்றன. ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கும். முதல் பத்தியில் மாமனார் எதையும் எழுதவில்லை. நான்தான் எழுதினேன்: மூச்சு, 40 வாட்.

ஆமாம், அவ்வளவுதான். காற்றுக்கு ஈரப்பதம் ஏற்றும் வெந்நீர்ப் பகுதியை அணைத்துவிட்டால் அந்த இயந்திரம் முப்பது நாற்பது வாட்டுக்குமேல் கேட்பதில்லை. இரண்டு மூன்று இரவுகள் அப்படி வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டோம், சரியென்றார். பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்கான மின்சாரம், அவ்வளவே. ஒன்பதாயிரத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று யோசித்துப் பாருங்கள்.

*

இருந்தாலும் ஜெனரேட்டரின் நெற்றியில் எழுதியிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த எண் சொல்வதற்கும் கிடைப்பதற்கும் இடையே மூன்று கழித்தல்கள் இருக்கின்றன.

முதல் கழித்தல், உச்சத்துக்கும் நிலைத்ததற்கும் உள்ள வித்தியாசம். நான் கடைசியில் வாங்கியது ஹோண்டாவின் இயூ2200ஐ. 2018ல், அதற்கு முந்தைய இயூ2000ஐக்குப் பதிலாக வந்தது. பெயரில் உள்ள 2200 வாட்டைச் சிறிது நேரத்துக்கு மட்டுமே தாங்கும். தொடர்ந்து தரக்கூடியது 1800தான். பல ஜெனரேட்டர்களில் பெரிய எழுத்தில் இருப்பது உச்ச அளவாகவே இருக்கும். சிறிய எழுத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, மோட்டார் கிளம்பும்போது கேட்கும் உந்துவிசை. ஏசியின் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது 1400 வாட்டில் திருப்தியடைந்துவிடும். ஆனால் நின்ற நிலையிலிருந்து புறப்படும் அந்த அரைநொடியில் அதைப் போல இரண்டு மடங்கு கேட்கும். கிடைக்காவிட்டால் எஞ்சின் முனகி, பாதுகாப்புப் பொத்தான் விழுந்துவிடும். ஆகவேதான் ஏசி வேண்டும் என்பவர்கள் 3000 வாட்டுக்கு மேல் போகிறார்கள், அல்லது சிறிய ஜெனரேட்டர் இரண்டை இணைகேபிளால் சேர்த்து ஓட்டுகிறார்கள். ஏசியில் மென்தொடக்கக் கருவியைப் பொருத்தினால் இந்தத் தொடக்க இழுப்பு வெகுவாகக் குறையும். அதன்பின் ஒற்றைச் சிறு ஜெனரேட்டரே, வேறெதையும் ஓட்டாதபட்சத்தில், ஏசியைச் சமாளித்துவிடக்கூடும். மாமனார் காலத்து வழி இன்னும் எளிது. "மொதல்ல மோட்டாரைக் கிளப்பு, அது சமாதானமான பொறவு லைட்டைப் போடு." பாரம் ஏறாத எஞ்சினிடம் கனமான வேலையை முதலில் கொடுப்பது.

மூன்றாவது கழித்தல் மலை. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. எரிவதற்கான பிராணவாயு குறைகிறது. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் சக்தி போய்விடும். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து சுமார் 4000 அடி. 1800 அங்கே 1550 ஆகிவிடும். எட்டாயிரம் அடியில் 1300க்கும் கீழே. பெட்ரோலுக்குப் பதில் ட்ரெய்லரிலேயே இருக்கும் புரொப்பேன் உருளையில் ஓடும் ஜெனரேட்டர்களும் உண்டு. பழைய பெட்ரோல் கெட்டுப்போகும் தொல்லை அவற்றில் இல்லை. ஆனால் சக்தியில் இன்னொரு பத்து சதவீதம்போல் குறையும்.

இப்படிக் கழித்துக்கொண்டே போனால், பெரியதே நல்லது என்று தோன்றுவது இயற்கை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது சத்தம். சாதாரண ஜெனரேட்டர் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருவதற்கு நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றியாக வேண்டும். ஒரே ஒரு செல்பேசி சார்ஜ் ஆனாலும் அதே வேகம், அதே இரைச்சல். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஒருமுறை நேர்மின்னோட்டமாக்கி, பிறகு மின்னணுச் சுற்றால் 60 ஹெர்ட்ஸாக வடிக்கிறது. அதனால் எஞ்சின் தேவைக்கேற்ப மெதுவாக ஓடலாம். என்னுடைய ஜெனரேட்டரின் தொட்டியில் பிடிப்பது ஒரு காலன்கூட இல்லை, சுமார் 3.6 லிட்டர். கால் பாரத்தில் அதைக்கொண்டு எட்டு மணி நேரம் ஓடும். முழுப் பாரத்தில் மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டும். எடை 21 கிலோ. ஒரு ஆள் தூக்கி வைக்கலாம். ஏழாயிரம் வாட்டைத் தூக்க அண்டைவீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதிப்படி, 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டும் ஜெனரேட்டரை ஓட்டக்கூடாது. டெசிபல் கணக்கு நம் வழக்கமான கணக்கைப் போன்றதல்ல. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். இதிலும் சிறிய எழுத்து உண்டு. விளம்பரங்களில் சொல்லப்படும் டெசிபல் பெரும்பாலும் கால் பாரத்தில் அளந்தது.

யோசெமிட்டியில் நேரக் கட்டுப்பாடும் இருக்கிறது. காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. அந்த ஆறு மணி நேரத்திலும் சிக்கனமாகவே ஓட்ட வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை மௌன நேரம்.

இங்கேதான் எங்கள் கணக்கு திசை மாறியது. மாமனாருக்கு மூச்சு இயந்திரம் வேண்டியிருப்பது இரவில். இரவில் எந்த ஜெனரேட்டரும் ஓடக்கூடாது. இருநூறு வாட்டாக இருந்தாலும் ஒன்பதாயிரமாக இருந்தாலும் அது அப்போது வெறும் இரும்பு.

*

ஆகவே மூச்சு பாட்டரியில்தான் நிற்க வேண்டும். இயந்திரத்தை 12 வோல்ட்டில் நேராக ஓட்டும் இணைப்புக் கம்பி விற்கிறார்கள், அதை வாங்கினோம். 40 வாட், எட்டு மணி நேரம், 320 வாட்மணி. ஜூன் மாதமானாலும் பள்ளத்தாக்கில் இரவு குளிரும். வெப்பமூட்டி எரிவது எரிவாயுவில் என்றாலும் அதன் விசிறி சுமார் 90 வாட் இழுக்கும். இரவில் விட்டுவிட்டு நான்கு மணி நேரம் ஓடினால் 360. விளக்கு, பம்பு, எரிவாயு எச்சரிக்கைக் கருவி எல்லாவற்றுக்குமாக 50. ஆக, 730 வாட்மணி.

ட்ரெய்லரோடு வந்த ஈய அமில பாட்டரி 100 ஆம்பியர்மணி. 12 வோல்ட்டோடு பெருக்கினால் 1200 வாட்மணி. ஆனால் ஈய பாட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும், மின்னழுத்தமும் இறங்கும். கைக்கு உரியது 600. விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது இயந்திரம் நின்றுவிடலாம் என்பதே இதன் பொருள். கடைக்காரர்கள் யாரும் இந்தக் கணக்கைக் கேட்கவில்லை. எத்தனை வாட் என்றுதான் கேட்டார்கள். இரண்டாவது பாட்டரி ஒன்றை இணையாகப் பொருத்தினோம். 1200 கைக்கு வந்தது.

இனி, வடிந்ததை மறுநாள் நிரப்ப வேண்டும். 730 வாட்மணி என்றால் சுமார் 60 ஆம்பியர்மணி. ட்ரெய்லரில் உள்ள சார்ஜர் 45 ஆம்பியர் கொடுக்கக்கூடியது. ஈய பாட்டரி தொடக்கத்தில் ஆவலாகக் குடித்துவிட்டு, நிரம்ப நிரம்ப மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒரு வேளை போதாது. காலையிலும் மாலையிலும் ஓட்டினால் ஓரளவு நிரம்பும். இவ்வளவுக்கும் சார்ஜர் ஜெனரேட்டரிடம் கேட்பது 800 வாட்டுக்கு மேல் இல்லை. 1550லேயே பாதி சும்மா இருக்கும். ஒன்பதாயிரம் வாட் கொண்டுவந்தாலும் பாட்டரி ஒரு நிமிடம் முன்னதாக நிரம்பாது. புனலின் வாய் எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே இறங்கும்.

ட்ரெய்லருக்கு எத்தனை வாட் என்ற கேள்விக்கு, ஏசி கட்டாயம் வேண்டுமா என்பதைத் தவிர வேறு பெரிய முடிச்சு இல்லை என்பது அன்று எனக்குப் புரிந்தது. வேண்டுமென்றால் மூவாயிரத்துக்கு மேல், அல்லது மென்தொடக்கக் கருவியோடு இரண்டாயிரம். வேண்டாமென்றால் இரண்டாயிரமே தாராளம். மீதிப் பணம் பாட்டரிக்குப் போவது நல்லது.

*

ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பதை அளவைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும். உறங்குபவருக்குத் தலைவலியை உணரவும் அவகாசம் கிடைப்பதில்லை. இடம்பெயர்க்கக்கூடிய ஜெனரேட்டர்களின் புகையால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூறு பேர் இறக்கிறார்கள். குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் ட்ரெய்லருக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி வைக்க வேண்டும். நம் ஜன்னலுக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கூடாரத்தின் ஜன்னலுக்கும் அதே 20 அடி உண்டு. ட்ரெய்லருக்குள் இருக்கும் எச்சரிக்கைக் கருவி சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். தேதியைப் பார்த்து மாற்ற வேண்டும். வாயு மிகுந்தால் தானே அணைந்துவிடும் உணரி பொருத்திய ஜெனரேட்டர்கள் இப்போது வருகின்றன. புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்கலாம்.

அங்கே போய் இறங்கியதும் மாமனார் செய்த முதல் வேலை, ஒரு பிடி காய்ந்த ஊசியிலைத் தூளை எடுத்துக் காற்றில் விட்டுப் பார்த்தது. கொடைக்குக் கட்டப் போன ஊர்களிலெல்லாம் அப்படித்தானாம். "காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்காம எஞ்சினை எறக்கவே கூடாது மாப்பிள்ளை."

முதல் இரவு நான் இரண்டு முறை விழித்தேன். இருளில் முகமூடி வழியே காற்று போய்வரும் ஓசை சீராகக் கேட்டது. காலையில் பாட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்த்தேன், பாதியைத் தொடவில்லை. ஏழு மணிக்கு ஜெனரேட்டரைக் கிளப்பினேன். அதே நேரத்தில் மரங்களுக்கு அப்பால் நான்கைந்து எஞ்சின்கள் உறுமத் தொடங்கின. அவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஒலித்தது.

இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு நான் கயிற்றை இழுக்கப் போனபோது பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். கைக்குழந்தை அப்போதுதான் உறங்கியதாகவும், கொஞ்ச நேரம் தள்ளிப்போட முடியுமா என்றும் கேட்டாள். விதிப்படி எனக்கு உரிமை இருந்தது. எட்டு மணி நேரத்தில் இன்னொரு இரவும் இருந்தது. நான் மாமனாரைப் பார்த்தேன். ஆங்கிலம் முழுதும் புரியாவிட்டாலும் கூடாரத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "நோட்டை எடுங்க, கணக்குப் பாப்போம்" என்றார். காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டியிருந்தோம். இரண்டு பாட்டரியில் இருக்கும் மிச்சம் அந்த இரவுக்குப் போதும். ஆறே காலுக்குக் குழந்தையின் அழுகை கேட்டது. அதன்பின் முக்கால் மணி நேரம் ஓட்டினோம்.

கோவிட் முடிந்து அவர் மறுபடி வந்தபோது ஈய பாட்டரிகளை எடுத்துவிட்டு லித்தியம் பாட்டரி ஒன்று வைத்திருந்தேன். அதே 100 ஆம்பியர்மணிதான். ஆனால் ஏறக்குறைய முழுவதையும் வடிக்கலாம், நிரப்பும்போதும் கடைசிவரை தயங்காமல் வாங்கிக்கொள்ளும். வெயிலுள்ள இடங்களில் சூரியத் தகடே போதுமாகிவிடுகிறது. பைன் மரங்கள் அடர்ந்த முகாம்களில்தான் ஜெனரேட்டர் வெளியே வருகிறது. மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டி, எண்ணெயைப் பார்த்து, தொட்டியை வடித்து வைக்கிறேன். அந்த மூன்று பத்தித் தாளைச் சார்ஜர் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன். மகளுக்கு இப்போது தலைமுடி உலர்த்தியைப் பற்றிய வருத்தம் இல்லை. அவள் ஊரிலிருந்து தாத்தா வரும் தேதியைக் கேட்டுக்கொண்டு, இயந்திரத்தின் 12 வோல்ட் கம்பியை எடுத்து முதலில் வண்டிக்குள் வைக்கிறாள்.